பக்கவாதம்: வலிக்காமல் வரும் ஆபத்தை வீட்டில் இருப்பவர் கண்டுபிடிப்பது எப்படி?

நெஞ்சு வலி வந்தால் யாரும் காத்திருப்பதில்லை. வலி தாங்காமல் நோயாளியே வீட்டைக் கூட்டிவிடுவார். பக்கவாதத்தில் அந்த வசதி கிடையாது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டால் பெரும்பாலும் வலியே இருக்காது. கை லேசாகத் தொங்கும், பேச்சு கொஞ்சம் குழறும், அவ்வளவுதான். "ஒருக்களிச்சுப் படுத்ததுல கை மரத்திருக்கும்", "பித்தமா இருக்கும்", "கொஞ்சம் படுத்து எழுந்தா சரியாயிடும்" என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அப்படிப் படுத்தவர் ஐந்து மணி நேரம் கழித்து எழும்போது, அடைப்பைக் கரைக்கும் ஊசி போடுவதற்கான நேரம் கடந்திருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூளையின் வலது பக்கம் பாதிக்கப்பட்டவருக்குத் தன் இடது கை செயலிழந்துவிட்டது என்பதே தெரியாமல் போகலாம். "இடது கையைத் தூக்குங்கப்பா" என்றால் கை மடியிலேயே கிடக்கும், அவர் "தூக்கிட்டேனே" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கை தூக்கவில்லை என்பதை உணர வேண்டிய மூளைப் பகுதியே அடிபட்டிருக்கிறது. எனவே "எனக்கு ஒண்ணும் இல்ல, விடு" என்று நோயாளி சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. முடிவெடுக்க வேண்டியவர் பக்கத்தில் இருப்பவர். இந்த வழிகாட்டி அவருக்காகத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

பக்கவாதம் இரண்டு வகை. ரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று, வெடித்துக் கசிவது இன்னொன்று. ஐந்தில் நான்கு பேருக்கு வருவது அடைப்பு வகைதான். பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டுச் சொன்னார். அழிந்தவை திரும்ப முளைப்பதில்லை. ஆனால் அழிந்த பகுதியைச் சுற்றி, ரத்தம் குறைந்து தவித்துக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று இருக்கும். சீக்கிரம் அடைப்பை நீக்கினால் அதைக் காப்பாற்றலாம். மருத்துவர்கள் பறப்பதெல்லாம் அந்தப் பகுதிக்காகத்தான்.

அடைப்பா, கசிவா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது. சி.டி. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கீழே வரும் பல "செய்யாதீர்கள்"களுக்குக் காரணம் இந்த ஒரு உண்மைதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: முகம், கை, பேச்சு

அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1990-களில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்காக உருவாக்கிய சோதனை இது. பிரிட்டனிலும் 1998-இல் கிட்டத்தட்ட இதே சோதனையை ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மருத்துவம் படிக்காத யாரும் ஒரே நிமிடத்தில் செய்துவிடலாம்.

முகம். "சிரிங்க" என்று மட்டும் சொன்னால் பலர் உதட்டை மூடியபடி லேசாகச் சிரிப்பார்கள், ஒன்றும் தெரியாது. "ஈ-ன்னு பல்லைக் காட்டுங்க" என்று சொல்லுங்கள். ஒரு பக்க உதட்டோரம் மேலே போகாமல் நின்றால், மூக்கோரத்திலிருந்து வாய் வரை வரும் மடிப்பு ஒரு பக்கம் மட்டும் அழிந்ததுபோலத் தட்டையாக இருந்தால், அது அறிகுறி. சிலருக்கு இயல்பிலேயே முகம் கொஞ்சம் கோணலாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் போனில் இருக்கும் பழைய போட்டோ ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சில வினாடிதான் ஆகும்.

கை. உட்கார வைத்து இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும், கண் மூடியிருக்க வேண்டும். பத்து வரை எண்ணுங்கள். ஒரு கை மட்டும் மெதுவாக இறங்கினால், அல்லது இறங்காமலேயே உள்ளங்கை உள்பக்கமாகத் திரும்பினால் அது பலவீனம். கண்ணை மூடச் சொல்வது முக்கியம். திறந்திருந்தால் கை இறங்குவதைப் பார்த்து அவரே சரிசெய்துகொள்வார். இரண்டு கையும் ஒன்றுபோல இறங்கினால் அது பெரும்பாலும் அசதி. படுத்திருப்பவர் என்றால் ஒவ்வொரு காலாகத் தூக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்தச் சொல்லிப் பாருங்கள்.

பேச்சு. இதைத்தான் நம் வீடுகளில் அதிகம் தவறவிடுகிறோம். நாக்கு தடித்ததுபோல, குடித்தவர் பேசுவதுபோல வார்த்தை குழறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் இன்னொரு வகை உண்டு. உச்சரிப்பு தெளிவாக இருக்கும், பேச்சு சரளமாக வரும், பொருள்தான் இருக்காது. தண்ணீர் என்று சொல்ல நினைத்து வேறெதையோ சொல்வார். நாம் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் வரும். "புத்தி தடுமாறிப் போச்சு", "காத்து கருப்பு பட்டிருக்கு" என்று திருநீறு போட்டு மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவது இந்த வகை நோயாளிகளைத்தான். நேற்று வரை ஒழுங்காகப் பேசியவர் இன்று திடீரென்று இப்படிப் பேசினால் அது மூளையின் இடது பக்க அடைப்பாக இருக்கலாம்.

சோதிப்பது எளிது. சாவி, சீப்பு, பேனா என்று மூன்று பொருளைக் காட்டிப் பெயர் கேளுங்கள். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, குடை எடுத்துக்கிட்டுப் போகணும்" என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், நீங்கள் செய்து காட்டாமல், "கண்ணை மூடுங்க, கையை மடக்கித் திறங்க" என்று வாயால் மட்டும் சொல்லுங்கள். செய்து காட்டினால் பார்த்துப் பின்பற்றிவிடுவார், காதில் விழுந்தது புரிந்ததா என்பது தெரியாது. "யாரு தைச்ச சட்டை, தாத்தா தைச்ச சட்டை" மாதிரி நாநெகிழ் வாக்கியங்கள் வேண்டாம். அதில் நன்றாக இருப்பவர்களே உளறுவார்கள்.

மூன்றில் ஒன்று தவறினாலே போதும். அந்த ஒன்று மட்டும் இருந்தாலே பக்கவாதமாக இருக்கும் வாய்ப்பு சுமார் 70 சதவீதம். இரண்டாவது அறிகுறி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

இரண்டாவது படி: இந்தச் சோதனையில் சிக்காதவை

மூளையின் பின்பகுதிக்குப் போகும் குழாய்கள் அடைபட்டால் முகமும் கையும் நன்றாகவே இருக்கலாம். திடீரென்று கடுமையான தலைசுற்றல், வாந்தி, ஒன்று இரண்டாகத் தெரிவது, எழுந்து நின்றால் ஒரே பக்கமாகச் சாய்வது, விழுங்க முடியாமல் புரையேறுவது, குரல் திடீரென்று மாறிப்போவது என்று வரும். தலைசுற்றல் என்றால் நம் ஊரில் எலுமிச்சம்பழச் சாறுதான் முதலில் வரும். பெரும்பாலான தலைசுற்றல் பக்கவாதம் இல்லை என்பதும் உண்மைதான். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறாகவோ, ரத்த அழுத்தம் இறங்கியதாகவோ இருக்கும். எதை வைத்துப் பிரிப்பது? பிடித்துக்கொள்ளாமல் உட்காரக்கூட முடியவில்லை, நாலு அடி நடக்க முடியவில்லை, அல்லது தலைசுற்றலோடு பேச்சு, பார்வை, விழுங்குதல் இவற்றில் ஏதாவது ஒன்று கெட்டிருக்கிறது என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைத் திருப்பி "டக்" என்று நெட்டி முறிப்பார்களே, அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தத் திருப்பலில் கழுத்து எலும்புக்குள் ஓடும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ பக்கவாதம் வருவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் வருவது இளவயதுக்காரர்களுக்கு. நெட்டி முறித்த பிறகு ஒரு பக்கக் கழுத்தில் புதிதாக வலி, கூடவே தலைசுற்றல், தடுமாற்றம் என்றால் டாக்டரிடம் சலூன் விஷயத்தையும் சொல்லுங்கள். அவராகக் கேட்கத் தோன்றாது.

கண். ஒரு கண்ணில் மேலிருந்து திரை இறங்கியதுபோல இருட்டி, சில நிமிடத்தில் தெளிவது ஓர் அறிகுறி. இரண்டு கண்ணிலுமே ஒரு பக்கப் பாதி தெரியாமல் போவது இன்னொன்று. இந்த இரண்டாவதை நோயாளி உணர்வதே இல்லை. பந்தியில் உட்கார்ந்து இலையின் வலது பாதியில் இருப்பதை மட்டும் சாப்பிடுவார், இடது பக்கம் வைத்த கூட்டும் பொரியலும் அப்படியே இருக்கும். "அப்பளம் வைக்கவே இல்லையே" என்பார். வாசலைத் தாண்டும்போது இடது தோள் நிலையில் இடிக்கும்.

அன்றாட வேலைகளில்தான் இது முதலில் கண்ணில் படும். பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். டம்ளர் கையிலிருந்து நழுவும். வேட்டி முடிச்சு இறுகாது, சட்டைப் பொத்தானைப் போட முடியாது, புடவைக் கொசுவம் கையில் நிற்காது. காலில் போட்ட செருப்பு நழுவிப் பின்னால் கிடக்கும், அவர் அது தெரியாமல் நடந்துகொண்டிருப்பார். செருப்பு நழுவுவது ரொம்பச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஒரு காலில் மட்டும், அதுவும் இன்றைக்குத்தான் புதிதாக என்றால் சின்ன விஷயம் இல்லை.

தலைவலி. அடைப்பு வகையில் தலைவலி இல்லாமலே போகலாம். கசிவு வகையில், அதுவும் மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு இடையே ரத்தம் கசிந்தால், வாழ்க்கையிலேயே பார்த்திராத தலைவலி ஒரு நொடியில் உச்சத்துக்குப் போகும். வாந்தியும் கழுத்து இறுக்கமும் சேர்ந்து வரும். இதற்கு முகம், கை, பேச்சு எதையும் சோதிக்க வேண்டியதில்லை, நேராக அவசரப் பிரிவுதான்.

குழந்தை பெற்ற பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் எளிதில் உறையும் தன்மையோடு இருக்கும். "பச்சை உடம்பு, தண்ணி அதிகம் குடிக்கக்கூடாது" என்று பத்தியம் வைத்து நாவறள விட்டால் அந்தத் தன்மை இன்னும் கூடும். மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகளில் உறைவு உண்டாகலாம். இது நிமிடத்தில் வருவதல்ல. தலைவலி நாளுக்கு நாள் கூடும், பார்வை மங்கும், வாந்தி வரும், பிறகு வலிப்பு, கை கால் பலவீனம். வலிப்பைப் பார்த்து "பேய் அடிச்சிடுச்சு" என்று பயந்த வீடுகள் உண்டு. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் விடாத தலைவலி என்றால், வலிப்பு வரும்வரை காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். சரியான நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் நன்றாகத் தேறிவிடுகிறார்கள். அப்புறம், பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள்.

பக்கவாதம் மாதிரியே தெரிபவை

சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கினால் பக்கவாதத்தை அச்சாகக் காப்பியடித்ததுபோல இருக்கும். பேச்சு குழறும், ஒரு பக்கம் செயலிழக்கும், குழப்பம் வரும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அவர் நன்றாக விழித்திருந்து, உட்கார்ந்து, எச்சிலைச் சிரமமின்றி விழுங்குகிறார் என்றால் மட்டும் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கலாம். கண் செருகியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஆம்புலன்ஸில் வருபவர் ஊசி வழியாக குளுக்கோஸ் ஏற்றுவார். சர்க்கரை ஏறியதும் தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தாதீர்கள்.

முகவாதம் இன்னொன்று. முகத்துக்குப் போகும் நரம்பு மட்டும் வீங்கி முகம் கோணிப்போகும். "குளிர்காத்து பட்டுச்சு" என்பார்கள். இதில் நெற்றியைச் சுருக்க முடியாது, அந்தப் பக்கக் கண்ணை மூட முடியாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி நன்றாகவே சுருங்கும், வாயோரம் மட்டும்தான் கோணும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஆனால் இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். அந்த வேலை டாக்டருடையது.

மற்றபடி, மாதக்கணக்கில் இரண்டு பாதமும் எரிவது சர்க்கரை நோயின் நரம்புக் கோளாறு. இரவில் கை விரல்கள் மரத்து, உதறினால் சரியாவது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. இவை பக்கவாதம் இல்லை. பக்கவாதத்தின் அடையாளம் "திடீரென்று". அதுவும் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும். எரிவதோ குத்துவதோ அல்ல, இருந்த ஒன்று இல்லாமல் போவது: பலம், உணர்ச்சி, பேச்சு, பார்வை.

மூன்றாவது படி: நேரத்தைக் குறிப்பது

ஆஸ்பத்திரியில் முதலில் கேட்கும் கேள்வி "எப்ப ஆரம்பிச்சது?" என்பது. "காலையில" என்ற பதில் எதற்கும் உதவாது. அவர்களுக்கு வேண்டியது, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரம். காலை ஆறு மணிக்கு எழும்போதே கை வரவில்லை என்றால், கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது. இரவு பத்தரைக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் பத்தரைதான். நடுவில் மூன்று மணிக்கு எழுந்து பாத்ரூம் போய் நன்றாகத் திரும்பி வந்ததை வீட்டில் யாராவது பார்த்திருந்தால் மூன்று மணி. அந்த ஒரு தகவல் சிகிச்சையையே மாற்றிவிடும். நேரத்தைக் காகிதத்திலோ உள்ளங்கையிலோ எழுதிவிடுங்கள், பதற்றத்தில் மறந்துவிடும்.

கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம் வரை அவகாசம். 1995-இல் அமெரிக்க ஆய்வு மூன்று மணி நேரத்துக்குள் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு அதை நாலரை மணி வரை நீட்டியது. பெரிய குழாய் அடைப்பு என்றால் தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாயை விட்டு அடைப்பை வெளியே எடுக்கும் சிகிச்சை உண்டு. அதைத் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-இல் வந்த ஆய்வுகள் காட்டின. அதனால் நாலரை மணி கடந்துவிட்டாலும், தூக்கத்திலேயே வந்திருந்தாலும், "இனி என்ன, காலையில போகலாம்" என்று இருந்துவிட வேண்டாம். அதே சமயம் நாலரை மணி இருக்கிறதே என்ற நிதானமும் கூடாது. ஆஸ்பத்திரிக்குள் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஒரு மணி நேரம் ஓடிவிடலாம். எவ்வளவு முன்னால் ஊசி போடுகிறார்களோ அவ்வளவு பலன்.

நான்காவது படி: 108

அழைத்ததும் பதற்றத்தில் "அப்பாவுக்கு ரொம்ப முடியல, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால் அவர்களே பத்துக் கேள்வி கேட்க வேண்டியிருக்கும். இப்படிச் சொல்லுங்கள்:

"பக்கவாதம்னு சந்தேகம். ஆம்பள, 62 வயசு. பத்து மணி வரைக்கும் நல்லா இருந்தார். வலது கை தொங்குது, பேச்சு குழறுது. மூச்சு விடுறார், முழிச்சிருக்கார். சர்க்கரை நோய் இருக்கு. மாரியம்மன் கோவில் தெரு, தண்ணி டேங்குக்கு எதிர்வீடு."

தெருமுனைக்கு ஒருவரை அனுப்புங்கள். நீங்கள் பெங்களூரிலோ துபாயிலோ இருந்து, ஊரில் இருக்கும் அம்மாவிடம் பேசும்போது பேச்சு குழறுவதைக் கவனித்தால், அங்கிருந்து 108 அழைத்துப் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அங்கிருந்து 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பு இருந்தால் முகத்தையும் கையையும் நீங்களே பார்த்துவிடலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1990, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும், வீட்டில் கார் இருக்கிறது என்றால் காரிலேயே போகலாம். டூ வீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது வேண்டாம். பாதி வழியில் சரிந்துவிடுவார்.

வரும்வரை தலையைச் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். பல் செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு விலகிவிடும்.

இவற்றைச் செய்யாதீர்கள்

தண்ணீர், காபி, சோடா எதுவும் வேண்டாம். விழுங்கும் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கலாம். குடித்தது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்கள் அந்த நிமோனியாவில் போய்ச் சேருவது நடக்கிறது.

ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். மாரடைப்புக்கு உடனே ஆஸ்பிரின் என்று படித்த ஞாபகத்தில் கொடுத்துவிடுகிறார்கள். இது கசிவு வகையாக இருந்தால் ரத்தம் உறைவதைத் தடுத்துக் கசிவைக் கூட்டும். பிரஷர் மாத்திரையையும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். பக்கவாதத்தின்போது ரத்த அழுத்தம் 180, 190 என்று ஏறியிருப்பது வழக்கம். அடைபட்ட பகுதியைச் சுற்றிலும் எப்படியாவது ரத்தத்தைத் தள்ள உடம்பு செய்யும் முயற்சி அது. வீட்டில் சடாரென்று இறக்கினால், தவித்துக்கொண்டிருக்கும் பகுதியும் போய்விடும். எவ்வளவு இறக்குவது என்பதை ஸ்கேன் பார்த்தபின் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

பத்து விரல் நுனியிலும் காது மடலிலும் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தால் பக்கவாதம் நீங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறது. அதில் ஒரு துளி உண்மையும் இல்லை. அதன் கெடுதல் ஊசிக் குத்தில் இல்லை. குத்தி முடித்து "சரியாகிறதா" என்று பார்க்கும் நேரத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் தேய்த்து நீவுவதும் அப்படித்தான். வாதத்துக்குப் பெயர்போன வைத்தியசாலை என்று நூறு கிலோமீட்டர் வண்டி கட்டிக்கொண்டு போவதைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: முதல் நாள் அங்கே போகவே கூடாது. பின்னாளில் நீங்கள் எந்த வைத்தியத்தையும் தேடிக்கொள்ளுங்கள். முதல் நாளில் குழாயைத் திறப்பது ஒன்றுதான் வேலை, அதற்கு ஸ்கேன் இருக்கும் இடம் வேண்டும்.

"பெரியவன் வேலையிலிருந்து வந்துடட்டும், கேட்டுக்கிட்டுப் போகலாம்" என்று காத்திருப்பதையும் இந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். அவர் நேராக ஆஸ்பத்திரிக்கு வரட்டும்.

ஐந்தாவது படி: எந்த ஆஸ்பத்திரி

பக்கத்திலேயே இருக்கிறது என்பதற்காக ஸ்கேன் இல்லாத கிளினிக்குக்குப் போனால், அங்கே ஒரு குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்பார்கள். ஒரு மணி நேரம் போச்சு. போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "சி.டி. ஸ்கேன் இப்ப ஓடுதா?", "பக்கவாதத்துக்குக் கரைக்கிற ஊசி போடுவீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்ற இடங்களில் எது அருகில் இருக்கிறதோ அங்கே போங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. தனியாரில் செலவை நினைத்துத் தயங்கி வீட்டில் இருப்பதைவிட நேராக அங்கே போய்விடலாம்.

கூட வருபவர் கையெழுத்துப் போடவும் முடிவெடுக்கவும் கூடியவராக இருக்கட்டும். நோயாளி சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துக்கொள்ளுங்கள். இதய வால்வு சிகிச்சை செய்தவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள். ஊசி போடலாமா என்பதே அதைப் பொறுத்துத்தான். அண்மையில் ஆபரேஷன், தலையில் அடி, வயிற்றில் ரத்தக்கசிவு இருந்திருந்தால் அதையும். ஆதாரும் காப்பீட்டு அட்டையும் பையில் இருக்கட்டும், கிடைக்கவில்லை என்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம்.

அவசரப் பிரிவில் வரிசையில் உட்காராமல், "பக்கவாதம், பத்து மணிக்கு ஆரம்பிச்சது, ஊசி போடுற நேரத்துக்குள்ள வந்திருக்கோம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். தயக்கமே வேண்டாம், அவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஸ்கேன் பற்றி ஒரு குழப்பம் அடிக்கடி வரும். ஆரம்ப மணி நேரங்களில் அடைப்பு வகையில் சி.டி. ஸ்கேன் நார்மலாகத் தெரிவது சகஜம். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று வீட்டுக்குக் கிளம்பியவர்கள் உண்டு. அந்த ஸ்கேன் எடுப்பது முக்கியமாக ரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொள்ள. கசிவு இல்லை, கை மட்டும் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் ஊசிக்குத் தகுந்த நிலை.

அப்போது டாக்டர் உங்களிடம் சம்மதம் கேட்பார். ஊசியால் மூளையில் ரத்தக்கசிவு வரும் அபாயம் உண்டு என்பதையும் சொல்வார். 1995 ஆய்வில் அது நூற்றுக்கு ஆறு பேருக்கு வந்தது. அதே ஆய்வில், ஊசி போட்டுக்கொண்டவர்கள் மூன்று மாதம் கழித்து ஊனம் இல்லாமலோ மிகக் குறைவாகவோ இருக்கும் வாய்ப்பு, போடாதவர்களைவிட 30 சதவீதமாவது அதிகமாக இருந்தது. இந்தக் கணக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் வராந்தாவில் சித்தப்பா, மாமா எல்லோருக்கும் போன் போட்டுக் கருத்துக் கேட்கும் அரை மணி நேரம் மிச்சம்.

தானாகவே சரியாகிவிட்டால்?

இதைத்தான் அதிகம் ஏமாந்து விட்டுவிடுகிறோம். கை பத்து நிமிடம் விழுந்து, பிறகு பழையபடி எழுந்துவிடும். பேச்சு அரை மணி நேரம் குழறித் தெளிந்துவிடும். "நல்லவேளை, ஒண்ணும் இல்ல" என்று குலசாமிக்கு வேண்டிக்கொண்டு படுத்துவிடுவார்கள். மினி ஸ்ட்ரோக் என்று சொல்வது இதைத்தான். அடைத்த ரத்தக்கட்டி தானாகக் கரைந்திருக்கிறது, கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியே இருக்கிறது. உரிய சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்குள் முழுப் பக்கவாதம் வரும் என்று பழைய ஆய்வுகள் காட்டின, அதில் பாதி முதல் இரண்டே நாளில். உடனே சிகிச்சை தொடங்கினால் இந்த அபாயம் 80 சதவீதம் குறைகிறது என்று 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு காட்டியது.

ஆகவே சரியாகிவிட்டாலும் அன்றே போக வேண்டும். மூளை ஸ்கேன், கழுத்து ரத்தக்குழாய்க்கு டாப்ளர், ஈ.சி.ஜி., எக்கோ, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் இருப்பவருக்கு இதயத்திலிருந்தே கட்டி போயிருக்கலாம். அவருக்குக் கொடுக்கும் மருந்து வேறு, கழுத்துக் குழாயில் கொழுப்பு படிந்தவருக்குக் கொடுப்பது வேறு. வீட்டுக்கு வந்தபின் மாத்திரையை "இப்பத்தான் நல்லா இருக்கேனே" என்று நிறுத்துவதுதான் அடுத்ததற்கு வழி. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே பேச்சுதான். வாங்கப் போக முடியாதவர்களுக்கு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

இன்றைக்கே செய்துவைக்க வேண்டியது

வீட்டில் அறுபது தாண்டியவர், பிரஷர், சர்க்கரை, இதய நோய் உள்ளவர், புகை பிடிப்பவர் யாராவது இருந்தால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போகக்கூடிய எந்த ஆஸ்பத்திரியில் இரவு இரண்டு மணிக்கும் ஸ்கேன் ஓடும், ஊசி கிடைக்கும் என்று இப்போதே போன் செய்து கேட்டுவிடுங்கள். அதன் பெயர், அவசரப் பிரிவு எண், அவர் சாப்பிடும் மாத்திரைகள், பக்கத்து வீட்டுக்காரர் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த மூன்று சோதனையைச் சொல்லிக்கொடுங்கள். மத்தியான நேரத்தில் தாத்தாவோடு வீட்டில் இருப்பது பல சமயம் அந்தப் பிள்ளை மட்டும்தான்.